எங்கள் வீட்டு ஹெலிகொப்ரர்

நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிற ஒருவருக்கு மகளாக இருப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால், கேட்கிறவர்கள் சொல்கிற நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே இதை இவ்வளவு காலமும் வாய்க்குள் வைத்திருந்தேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. கோபம் மட்டும் சாகாமல் இருக்கிறது.

அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், கிளாக்கர் வேலை. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த வாசிகசாலைக்கு அவர்தான் தலைவர். வேலிச் சண்டை, கிணற்றுப் பங்குச் சண்டை, யாருடைய மாடு யாருடைய மரவள்ளியைத் தின்றது என்ற சண்டை, எல்லாம் கடைசியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குத்தான் வரும். ஐயா இரண்டு பக்கத்தையும் கேட்பார். கண்ணாடியைக் கழற்றி உடுத்திருக்கிற சாரத்தில் துடைப்பார். பிறகு ஒரு சொல் சொல்வார். தோற்றவன்கூட முணுமுணுக்காமல் எழும்பிப் போவான்.

நான் ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் என்பது வழமை. ஐயா அந்த வழமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். நீர்வேலியில் வாங்கிய வாழைத்தோட்டம் என் பெயரில். வாசல் படலையில் பொறித்திருந்த வீட்டின் பெயர் என் பெயர். சைக்கிள் மட்காட்டில் வெள்ளைப் பெயின்ரால் என் பெயர். வாசிகசாலைச் சுவர் மணிக்கூட்டில் 'அன்பளிப்பு' என்று போட்டு, அதன் கீழேயும் என் பெயர்.

"பின் கோடிக்குள்ளை நிக்கிற ஆட்டுக்கும் எழுதி விடுங்கோவன்" என்று அம்மா நக்கலடிப்பார். ஐயா சிரிப்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

எண்பத்தாறாம் ஆண்டு எனக்குப் பதினாறு வயது. ஒரு காலை ஐயாவும் நானும் தோட்டம் பார்க்கச் சைக்கிளில் போனோம். நான் பின் கரியரில் இருந்தேன். கோப்பாய் தாண்டி, இரண்டு பக்கமும் வெளியாக இருந்த இடத்தில் ஆமியின் ஹெலிச் சத்தம் கேட்டது. ஐயா சைக்கிளை அப்படியே வீதியில் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மதகுக்குள் இறங்கினார். என்னைக் குப்புறக் கிடத்திவிட்டு எனக்கு மேல் தான் கிடந்தார். அவருடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

"அசையாதை, பிள்ளை. மூச்சையும் மெல்லமா விடு."

சுட்டது. மண் தெறித்தது. பிறகு சத்தம் தூரப் போனது. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த ஒருவர், சைக்கிளில் வாழைக்குலை கட்டி வந்தவர், போய்விட்டது என்று நினைத்து எழும்பி வந்தார். குலைகளைப் பொறுக்கக் குனிந்தார். ஹெலி திரும்பி வந்தது. ஒளிந்தவர்கள் வெளியே வருவார்கள் என்று தெரிந்துதான் அது விலகிப் போயிருக்கிறது. அந்த மனிதர் குனிந்த இடத்திலேயே விழுந்தார். நான் கத்தப் பார்த்தேன். ஐயா என் வாயைக் கையால் பொத்தினார்.

அன்று பின்னேரம் விறாந்தையில் கூடியிருந்தவர்களுக்கு ஐயா சொன்னதை நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"ஒளிச்சவன் வெளியிலை வருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டு சுடுறான். அவன் மனுசனே? ஒரு மனுசனுக்கு அதுக்கு விரல் வராது."

விரல் வராது. அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வருடம் நித்திரை கொண்டேன். மேலே இருந்தவன் வேறு ஒரு பிராணி, எங்களைப் போல, ஐயாவைப் போல ஆள் இல்லை என்று நினைத்தால் பயம் கொஞ்சம் அடங்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜேர்மனியிலிருந்த சின்ன மாமா ரீவி கேம் ஒன்றை அனுப்பினார். ரீவியில் கொழுவி விளையாடுகிற ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு கைபிடி, ஒரே ஒரு கசெற். கொண்டு வந்து தந்தவர், "உது பெரியாக்களுக்கு உள்ளது போலை கிடக்கு, கடையிலை ஏதோ எழுதி ஒட்டியிருந்தவங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மாமாவுக்கு எங்கள் ஊர் நிலைமை தெரியாதென்று சொல்ல முடியாது. ஆனால் தள்ளுபடியில் எது கிடைத்ததோ அதை வாங்கி அனுப்பியிருப்பார். அவர் எப்போதும் அப்படித்தான். மாரியில் எனக்குப் பனிச்சப்பாத்து அனுப்பியவர்.

ரீவி உள்ள வீடு அப்போது எங்கள் வீடு மாத்திரமில்லை, ஒழுங்கைக்கே வீடு. யார் வந்தாலும் பாய் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் முறை. ஆகவே கேம் வந்த பின்னேரமே ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் ஹோலில் இருந்தார்கள். ஐயா வயர்களைக் கொழுவினார். திரையில் ஒரு ஹெலிகொப்ரர் எழும்பியது. கீழே சின்னச் சின்ன ஆட்கள், ஒரு நெல்லளவு பருமன், ஓடினார்கள். ஹெலியைக் கொண்டு போவது பார்க்கிற நாம். சுடுவதும் நாம். சுட்டால் நெல்லு ஆள் ஒரு முறை துள்ளி, 'கிறீச்' என்று கத்தி, சிவப்புப் புள்ளியாகிவிடுவான். மேலே இலக்கம் கூடும்.

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். அம்மா பின்னால் வந்து, "பொம்மையள்தானே, ஏன்ரி எழும்பி வந்தனீ?" என்று கேட்டார். அம்மா மதகுக்குள் இருந்ததில்லை.

ஒரு கிழமைக்குள் அந்த விளையாட்டு ரீவியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டது. பொடியள் கையை விரித்து, வாயால் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் கீழே விழ வேண்டும். விழ மறுத்தால் அடி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு வயதில் ஒரு பெண்குழந்தை இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு உண்மையான ஹெலி என்று நினைத்து அது வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடியது. எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அக்கா உள்ளே இறங்கிப் போனபோது குழந்தை மூலையில் ஒட்டிக்கொண்டு, "வந்தால் சுடும், வந்தால் சுடும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.

அக்கா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அழவில்லை. சண்டைக்கு வந்த குரல்.

"அண்ணை, எல்லாருக்கும் ஞாயம் சொல்லுறியள். உங்கடை வீட்டுக்குள்ளை இருக்கிற சாமானுக்கும் ஒரு ஞாயம் சொல்லுங்கோ."

ஐயாவுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஹோலிலேயே விசாரணை வைத்தார். அக்கா, வாசிகசாலைச் செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், ஐயா. பொடி எழுத்து இங்கிலிஷை வாசிக்க நான்.

ஸ்ரேசன் மாஸ்ரர்தான் விளையாடிக் காட்ட ஒத்துக்கொண்டார். பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பது அவருடைய கட்சி. கைபிடியைச் சிக்னல் கம்பியை இழுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். "சனியன், இடப்பக்கமே போகுது" என்று ஹெலியை மரத்தில் மோதினார், மலையில் மோதினார், ஆட்களை ஒன்றும் செய்யவில்லை. "இதிலை ரெயிலுக்கு அடிக்கிற வேலை இருக்கோ?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவ்வளவு பிழையில்லை" என்றார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் கைபிடியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு நான் பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். எப்படி எழும்புவது, எப்படி இறக்குவது. எந்த ஆளுக்கு எவ்வளவு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. குழிக்குள் ஒளிந்தவர்கள் வெளியே வரும்வரை விலகி நின்று சுட்டால் இரண்டு மடங்கு புள்ளி. அந்த வரியைச் சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடி ஐயாவிடம் நீட்டினேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, மதகுக்குள்ளை கிடந்தது நீ. நீ சொல்லு."

பெரிய ஆட்களுக்கு முன்னால், என்னிடம். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சூடாகியது. வந்த வாக்கில் சொன்னேன்.

"கீழை ஓடுறவைக்கு முகம் இல்லை, ஐயா. இரத்தம் வாறது பெரிய காரியமில்லை. முகமில்லாத ஆக்களைச் சுட்டுச் சிரிச்சுப் பழகினால், பிறகு ஆரையும் சுடலாம். சின்னாக்களுக்கு வேண்டாம். பெரியாக்களுக்கும் வேண்டாம்."

வயதுக்கு மீறிய கதைதான். ஆனால் ஐயா தலையை ஆட்டினார். "ஓம், அதுதான் சரி. ஒருத்தருக்கும் வேண்டாம்" என்றார். அவர் கையாலேயே வயர்களைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு பழைய சாரத்தில் சுற்றி, அலுமாரிக்கு மேல் வைத்தார். மைத்துனர் அனுப்பிய பொருள், எறிய முடியாது, ஜேர்மனிக்குப் போகிற யாரிடமாவது திருப்பிக் கொடுத்து அனுப்புவோம் என்றார். அடுத்த நாள் வாசிகசாலையில் எல்லோருக்கும் அறிவித்தார். "இது என்ரை தீர்ப்பில்லை, என்ரை மகளின்ரை தீர்ப்பு" என்று அவர் சொன்னபோது நான் பத்திரிகை மேசைக்குப் பின்னால் நின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பொடியள் என்னைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பினார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

மாசி பிறந்திருந்தது. அன்று ரியூசனில் மாஸ்ரருக்குக் காய்ச்சல் என்று எங்களை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். படலையைத் திறக்கும்போதே எனக்குக் கேட்டது. அந்தக் 'கிறீச்'.

பொடியள் யன்னலால் ஏறி உள்ளே பூந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரத்தம் தலைக்கேறியது. புத்தகங்களை விறாந்தையில் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்ற, வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குள் போனேன். இன்றைக்கு ஒருத்தனுக்காவது முதுகு பிய்யும் என்று கறுவிக்கொண்டுதான் போனேன்.

ஐயா இருந்தார்.

கந்தோர் அரைநாளோடு மூடியிருக்க வேண்டும். மேலில் ஒன்றும் இல்லை, சாரம் மட்டும். கதிரையின் நுனியில், திரைக்கு மிகக் கிட்ட, கைபிடியை முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். ஸ்ரேசன் மாஸ்ரரைப் போல மரத்தில் மோதவில்லை. ஹெலி அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. அன்றைக்குத் தொட்ட கை அல்ல அது, பல நாள் பழகிய கை. நெல்லு ஆட்கள் ஓட ஓட விழுந்தார்கள். ஒருவன் மட்டும் குழிக்குள் பூந்துவிட்டான்.

ஐயா ஹெலியைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டு போய் நிறுத்தினார். சுடாமல் காத்திருந்தார்.

"வாரும், வாரும்" என்று மெல்லமாகச் சொன்னார், வீட்டுக்கு வந்தவரை வரவேற்கிற குரலில். "போயிட்டுது எண்டு நினைச்சீரோ?"

நெல்லு ஆள் வெளியே வந்தான். ஐயா திருப்பிக் கொண்டு போய்ச் சுட்டார். இலக்கம் இரண்டு மடங்காகக் கூடியது. ஐயா சிரித்தார். எனக்குத் தெரிந்த சிரிப்புத்தான். ஆட்டுக்கும் எழுதி விடுங்கோ என்று அம்மா சொன்னபோது சிரித்தாரே, அதே சிரிப்பு. வேறு ஒரு சிரிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சிறிது நேரத்தில் ஹெலி எதிலோ மோதி ஆட்டம் முடிந்தது. திரை கறுத்து, அதுவரை ஆடிய ஆட்டங்களின் இலக்கங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரியிலும் இலக்கத்துக்குப் பக்கத்தில், ஆடியவர் பெயர் போடுகிற இடத்தில், மூன்று இங்கிலிஷ் எழுத்து. எல்லா வரியிலும் அதே மூன்று எழுத்து. என் பெயரின் முதல் மூன்று.

தும்புத்தடி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஐயா திரும்பினார்.

ஒரு கணம் முகம் வெளுத்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். தீர்ப்புக்கு முன்னால் செய்கிற அதே வேலை.

"மேலையிருந்து பாக்கிறவனுக்கு என்னெண்டு தெரியுது எண்டு பாப்பம் எண்டுதான், பிள்ளை."

"அதுக்கு ஒருநாள் காணுமே ஐயா. எத்தினை நாளாப் பாக்கிறியள்?"

ஐயா திரையைப் பார்த்தார். நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது போல. முகம் மலர்ந்தது. என்னைச் சமாதானப்படுத்த ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"எல்லாம் உன்ரை பேரிலைதான் போட்டனான்" என்றார். "மூண்டு எழுத்துக்கு மேலை போட விடுதில்லை. இல்லாட்டி முழுப்பேரும் போட்டிருப்பன்."

அவர் பகிடி விடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. தோட்டத்துக்கும் படலைக்கும் மணிக்கூட்டுக்கும் எந்த அன்போடு என் பெயரைப் போட்டாரோ அதே அன்போடு இதற்கும் போட்டிருக்கிறார். எனக்கு மேல் கிடந்து என்னை மூடிய மனிதர், விரல் வராது என்று சொன்ன மனிதர், என் தீர்ப்பை ஊருக்கு அறிவித்த மனிதர், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒளிந்தவன் வெளியே வருமட்டும் காத்திருந்து சுட்டு, அதை எனக்கு எழுதி வைத்திருக்கிறார்.

"அழியுங்கோ" என்றேன்.

"நிப்பாட்டினால் தன்பாட்டிலை அழிஞ்சு போடும்" என்றார், ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு. நிப்பாட்டினார். அழிந்துபோனது. சாரத்தைச் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். படலை திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா. ஐயா என்னிடம் குனிந்து, "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார்.

சொல்லவில்லை. சொன்னால் அம்மா நம்பியிருக்க மாட்டார் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், சொல்ல எனக்கு நா எழவில்லை. பங்கருக்குப் போகும் வழியில் நிற்கிற மாதுளையடியில் போய் இருந்து, அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மேலே இருந்தவன் வேறு பிராணி என்ற நினைப்புப் போய்விட்டது. அவனும் ஒரு கந்தோருக்குப் போய் வருகிற ஆளாக இருக்கலாம். அவனுக்கும் அன்பாகச் சிரிக்கத் தெரிந்திருக்கலாம். அந்தப் பயத்தை எனக்குத் தந்தது ஹெலி இல்லை, ஐயா.

அடுத்த வாரம் வாசிகசாலையில் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதைப் பற்றி ஐயா பேசினார். முகமில்லாத ஆட்களைச் சுட்டுப் பழகினால் என்று நான் சொன்னதை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அதிலும் என் பெயர்.

ஜேர்மனிக்குப் போகிற ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. அந்தச் சாரப் பொட்டலம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. தொண்ணூறில் சண்டையால் ஊருக்குக் கரண்ட் நின்ற பிறகுதான் எனக்கு நிம்மதி. ஊரே இருட்டென்று அழுதபோது நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். அந்தக் காலம் முழுவதும் ஐயா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் ஐயாவுக்குச் சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெண்பிள்ளை வளர்ந்தால் தகப்பனோடு கதை குறையும்தானே என்று அம்மா மற்றவர்களுக்குச் சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போனபோது நாங்களும் போனோம். இரவு வெளிக்கிட்டு, விடிந்தும் இடையிலிருந்த பாலத்தைக் கடக்க முடியவில்லை. மழை. முன்னும் பின்னும் சனம், அசைய இடமில்லை. அம்மா ஒரு சட்டி பானை மூட்டையோடு, நான் இரண்டு பையோடு. ஐயா வேறு ஒன்றும் எடுக்கவில்லை. பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரங்களை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் உன்ரை பேரிலைதான் இருக்கு" என்று என் காதடியில் சொன்னார். "ஒருத்தரும் பறிக்க ஏலாது."

அப்போது ஹெலிச் சத்தம் கேட்டது. சனம் முழுவதும் ஒரு தடவை குனிந்தது. ஐயாவின் கை தானாக வந்து என் தலையைக் கீழே அமத்தியது. மதகில் என் வாயைப் பொத்திய அதே கை. நான் அதற்குக் கீழிருந்து விலகி நிமிர்ந்து நின்றேன்.

"என்ன பிள்ளை, குனி!"

"அந்த விளையாட்டிலையும் எல்லாம் என்ரை பேரிலைதானே போட்டனீங்கள், ஐயா."

ஒன்பது வருடமாக என் தொண்டையில் நின்ற வசனம். அது அவரைச் சுட வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஐயா மழை வழிந்த கண்ணாடிக்குள்ளால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த விளையாட்டு?"

அவர் நடிக்கவில்லை. ஐயா நடித்தால் எனக்குத் தெரியும். அம்மாவும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இந்த நேரத்திலை என்ன கதை" என்றார். ஹெலிச் சத்தம் விலகிப் போனது. சனம் நகரத் தொடங்கியது. ஐயா உறுதிப் பையை மழை படாமல் சேட்டுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.